கறுப்புக் காரும் நீலக் காரும்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கிறது. ஒரு தாய் தன் மகளுக்குப் பாவாடைத் துணி வாங்கக் கடைத்தெருவுக்கு வருகிறாள்.

முதல் கடைக்காரர் ஒரு துணியை எடுத்துப் படபடவென்று விரிக்கிறார். "அசல் நூல், அம்மா! சாயம் போகாது. பத்து வருஷம் உழைக்கும். இந்த விலைக்கு இந்த ஊரில் வேறு எங்கும் கிடைக்காது" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. துணி நல்ல துணிதான்.

"வேறு நிறம் இருக்கிறதா?" என்று தாய் கேட்கிறாள்.

"இந்த ஒரு நிறம்தான். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது.

இரண்டாவது கடைக்காரர் உடனே துணியை விரிக்கவில்லை. "யாருக்கு அம்மா? பெண்ணுக்கு என்ன வயது? பள்ளிக்கூடத்துக்கா, பண்டிகைக்கா?" என்று கேட்கிறார். பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புகிறார்.

முதல் கடைக்காரரின் கண் துணியின்மேல் இருக்கிறது. இரண்டாமவரின் கண் வாங்க வந்தவளின்மேல் இருக்கிறது. வியாபாரத்தில் இந்த இரண்டு வழிகளும் என்றைக்கும் உண்டு. சரக்கைப் பார்த்து நடப்பது ஒரு வழி. வாடிக்கைக்காரரைப் பார்த்து நடப்பது மற்றொரு வழி.

எந்த வழி ஜெயிக்கும்? அமெரிக்காவில் இரண்டு பெரிய மோட்டார் கம்பெனிகள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மோதிப் பார்த்தன. அந்த மோதலில் ஒரு பெரிய முதலாளியின் பிடிவாதம் இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனத்தாங்கல் இருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பிழைப்பும் அதில் அகப்பட்டுக்கொண்டது. அந்தக் கதைதான் இது.

பண்ணையில் பிறந்தவர்

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். மிச்சிகன் மாகாணத்தில் டியர்பான் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவருடைய தந்தைக்குப் பண்ணை இருந்தது. பையனுக்கு ஏர் பிடிப்பதில் மனம் செல்லவில்லை. கடிகாரத்தைப் பிரிப்பதும் கோப்பதும்தான் அவனுக்குப் பிடித்த வேலை. இயந்திரத்தின்மேல் அவ்வளவு மோகம்!

1903-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் போர்டு மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது மோட்டார் கார் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானாக இருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பணக்காரர்களுக்கு இன்னும் ஆடம்பரமாகக் கார் செய்து கொடுத்தால் நல்ல லாபம் என்று பல கம்பெனிகள் நினைத்தன.

போர்டு வேறு விதமாக நினைத்தார். அவர் கண்முன் நின்றவர்கள் தன் தந்தையைப் போன்ற குடியானவர்கள். அவர்கள் வீடு வயல் நடுவே இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகவே நெடுந்தூரம் நடக்கவேண்டும். டவுனுக்குப் போய்வர ஒரு பகல் போய்விடும். பாதையோ சேறும் பள்ளமும். இந்த மக்களுக்கு என்ன வேண்டும்? சேற்றில் அகப்படாத கார் வேண்டும். உடைந்தால் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளக்கூடிய கார் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை கட்டுப்படியாக வேண்டும்.

1908-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அப்படிப்பட்ட கார் வெளிவந்தது. அதன் பெயர் 'மாடல் டி.' விலை 850 டாலர்.

அது பார்ப்பதற்கு அழகான கார் அல்ல. ஆனால் தரையிலிருந்து நல்ல உயரத்தில் நின்றது. கல்லும் குழியும் அதை ஒன்றும் செய்யவில்லை. வனேடியம் சேர்த்த உருக்கினால் செய்ததால் பாரம் குறைவு, பலம் அதிகம். எஞ்சினுக்கு 20 குதிரை சக்தி. மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகம் போகும். கையில் நாலு கருவி இருந்தால் குடியானவன் மரத்தடியிலேயே ரிப்பேர் செய்துகொள்வான்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் டாங்கு சீட்டுக்கு அடியில் இருந்தது. அதிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்கு வரவேண்டும். செங்குத்தான மேட்டில் காரின் முன்பக்கம் உயர்ந்துவிட்டால் பெட்ரோல் வராது. அதனால் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காரைத் திருப்பி, பின்பக்கமாகவே மேடு ஏறினார்கள்!

அவர்கள் அதை வெறும் காராக மட்டும் பயன்படுத்தவில்லை. பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், சோளம் உதிர்த்தார்கள், வெண்ணெய் கடைந்தார்கள். ஒரு கார் வாங்கினால் நாலு வேலைக்கு உதவியது. 'டின் லிஸ்ஸி' என்று அதற்குச் செல்லப் பெயரும் வைத்தார்கள்.

விலை இறங்கிய விந்தை

850 டாலர் என்பதே மற்ற பல கார்களைவிடக் குறைவுதான். ஆனாலும் போர்டுக்குத் திருப்தி இல்லை. இன்னும் இறக்கவேண்டும் என்றார். எப்படி இறக்குவது?

1913-ம் ஆண்டு அவருடைய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஒரு புது முறை வந்தது. அதுவரை கார் ஒரே இடத்தில் நிற்கும். வேலைக்காரர்கள் அதைச் சுற்றி வருவார்கள். இப்போது வேலைக்காரர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். கார் நகர்ந்து வந்தது. ஒருவன் ஒரு திருகு போடுவான். அடுத்தவன் அதை முடுக்குவான். அதற்குள் கார் மூன்றாமவனிடம் போய்விடும்.

ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க முன்பு 12½ மணி நேரம் ஆயிற்று. 1914-ல் அதே வேலை 1 மணி 33 நிமிஷத்தில் முடிந்தது!

அதே 1914-ம் ஆண்டு ஜனவரியில் போர்டு மற்றோர் அதிசயம் செய்தார். தொழிலாளியின் தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். சலிப்பூட்டும் இந்த வேலையை விட்டுவிட்டு ஓடிய தொழிலாளிகள் திரும்பி வந்தார்கள். அவர்களில் பலர் தாங்கள் செய்த காரையே வாங்கும் நிலைக்கு உயர்ந்தார்கள்.

விலை இறங்கியது. வாங்குகிறவர்கள் பெருகினார்கள். கார் அதிகமாகச் செய்யச் செய்ய, ஒரு காருக்கு ஆகும் செலவு குறைந்தது. விலை இன்னும் இறங்கியது. 1925-ல் இரண்டு பேர் உட்காரும் மாடல் டி காரின் விலை 260 டாலர்தான்! 17 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் தியோடோர் லெவிட் என்பவர் 1960-ம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்று வியாபார உலகில் பெயர் பெற்றது. போர்டின் உண்மையான மேதை எது என்று அதில் அவர் விளக்கினார். தொழிற்சாலையில் செலவு குறைந்ததால் போர்டு விலையைக் குறைத்தார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு என்றார் லெவிட். ஜனங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று போர்டு முதலில் பார்த்தார். பிறகு அந்த விலைக்குத் தகுந்தபடி தொழிற்சாலையை மாற்றினார்.

இதைக் கவனிக்கவேண்டும். ஆரம்பத்தில் ஹென்றி போர்டு இரண்டாவது கடைக்காரராகத்தான் இருந்தார். வாங்குகிறவனைப் பார்த்துத்தான் காரைச் செய்தார்.

பிறகு அவர் கண் மெள்ள மெள்ளத் திரும்பியது.

எல்லாம் கறுப்பு

மாடல் டி பலவிதமாக ஓடி உழைத்துப் பெயர் வாங்கியது. போர்டுக்கு அதன்மேல் தகப்பனின் பாசம் உண்டாகிவிட்டது. இதைவிட நல்ல கார் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தார்.

வாங்குகிறவர் எந்த நிறம் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் அது கறுப்பாக இருக்கவேண்டும் என்று அவர் 1909-லேயே தம் ஆட்களிடம் சொன்னதாகத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1914-ம் ஆண்டு முதல் 1925-ம் ஆண்டு வரை மாடல் டி கார்கள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தன. ஒரே நிறம் என்றால் தொழிற்சாலைக்கு வேலை சுலபம். செலவும் குறைவு. ஆகவே கறுப்பு!

1912-ல் போர்டு ஐரோப்பாவுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அவருடைய ஆட்கள் மாடல் டி காரைக் கொஞ்சம் தாழ்த்தி, நீட்டி, அழகுபடுத்தி ஒரு புதுக் காரைச் செய்து வைத்தார்கள். முதலாளி பார்த்தால் மகிழ்ச்சியடைவார் என்று நினைத்தார்கள். போர்டு திரும்பி வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைப் பிடித்து இழுத்துப் பிய்த்தார். பிறகு ஒவ்வொரு பாகமாக உடைத்து நொறுக்கினார் என்று அங்கே இருந்த ஒருவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அதன் பிறகு மாடல் டி காரை மாற்றலாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அவருடைய பிடிவாதத்தைக் குறை சொல்ல அப்போது காரணமும் இல்லை. 1921-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் போர்டு கார்கள். 1923-ல் மட்டும் சுமார் 18 லட்சம் மாடல் டி கார்கள் தயாராயின. இவ்வளவு விற்கும்போது வாடிக்கைக்காரரை என்ன கேட்பது?

எதிர்க் கடை

மாடல் டி பிறந்த அதே 1908-ம் ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் பிறந்தது. வில்லியம் துராண்ட் என்பவர் பல சிறிய கார்க் கம்பெனிகளை வாங்கி ஒன்றாகச் சேர்த்தார். ஆனால் சேர்த்தாரே தவிர, ஒழுங்குபடுத்தவில்லை. கம்பெனியின் ஒரு காரே இன்னொரு காருக்குப் போட்டியாக நின்றது. 1920-ல் வியாபாரம் படுத்தபோது கம்பெனி தத்தளித்தது. துராண்ட் வெளியேற நேர்ந்தது. 1921-ல் அமெரிக்காவில் விற்ற 100 கார்களில் சுமார் 12 கார்கள்தான் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்.

1923-ம் ஆண்டு மே மாதம் ஆல்பிரட் ஸ்லோன் என்பவர் அதன் தலைவரானார். ஒல்லியான மனிதர், இன்ஜினீயரிங் படித்தவர். அதற்கு முன் அவர் கார்ச் சக்கரங்களுக்கு வேண்டிய பேரிங்கு செய்து விற்றவர். போர்டே அவரிடம் சரக்கு வாங்கியதுண்டு. அதனால் பல கார்க் கம்பெனிகளின் உள் விவகாரம் அவருக்குத் தெரியும்.

போர்டு காரைவிட மலிவாக ஒரு கார் செய்து போட்டி போட முடியாது என்று ஸ்லோன் தெரிந்துகொண்டார். அது பாறையில் முட்டிக்கொள்வது போல. அவரும் அவருடைய சகாக்களும் வேறு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கார் வாங்க வருகிறவன் இப்போது யார்?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருந்தது.

பெண் வளர்ந்துவிட்டாள்

பாவாடைத் துணி பத்து வருஷம் உழைக்கும் என்றார் முதல் கடைக்காரர். உழைக்கட்டும். ஆனால் பெண் இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவாளே! அந்தத் துணி அப்படியே இருந்து என்ன பயன்?

அமெரிக்காவில் நடந்ததும் அதுதான். 1908-ல் கார் வாங்கினவனிடம் அதற்கு முன் குதிரை வண்டி இருந்தது. கார் என்று ஒன்று கிடைத்தாலே அவனுக்குப் பெரிய பாக்கியம். 1924-ல் கார் வாங்க வந்தவனிடமோ ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. அநேகமாக அது மாடல் டி காராகவே இருக்கும். அவன் கேட்டது "கார்" அல்ல, "இதைவிட நல்ல கார்."

போர்டு விற்ற காரினால்தான் நல்ல சாலைகளும் பெருகின. அவர் உயர்த்திய கூலியினால்தான் பலர் கையில் பணம் வந்தது. அவர் செய்த நன்மையினாலேயே ஜனங்கள் அவருடைய காரை விட்டு வளர்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு என்னென்ன வேண்டியிருந்தது?

முதலாவது, மழையும் பனியும் படாமல் உட்காரவேண்டும். மாடல் டி திறந்த காராக அமைக்கப்பட்டது. அதன்மேல் கூண்டு வைத்தும் விற்றார்கள். ஆனால் அந்த லேசான அடிச்சட்டத்துக்குக் கனமான கூண்டு பொருந்தவில்லை. 1919-ல் அமெரிக்காவில் விற்ற 100 கார்களில் 10 கார்களே மூடிய கார்கள். 1924-ல் அது 43 ஆயிற்று. 1927-ல் 85! எட்டே ஆண்டில் ஜனங்களின் விருப்பம் தலைகீழாக மாறிவிட்டது.

இரண்டாவது, சுலபமாகக் கிளம்பவேண்டும். அந்தக் காலத்தில் முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பவேண்டும். சில சமயம் ஹாண்டில் திருப்பி அடிக்கும். கை முறிந்தவர்களும் உண்டு. பெண்கள் கார் ஓட்ட அஞ்சியதற்கு இது ஒரு காரணம். ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் காரில் ஹாண்டில் சுற்றாமலே கிளம்பும் வசதி 1912-லேயே வந்துவிட்டது. மாடல் டி காருக்கு அது 1919-ல்தான் வந்தது.

மூன்றாவது, நிறம். காருக்குப் பூசும் வர்ணம் காயச் சில வாரங்கள்கூட ஆன காலம் அது. 1923-ல் 'டியூகோ' என்ற புதிய வர்ணம் வந்தது. அது சீக்கிரம் காய்ந்தது, மங்காமலும் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லண்ட் என்ற தன் காருக்குப் பூசி அனுப்பியது. பளிச்சென்ற நீல நிறம்! வீதி முழுவதும் கறுப்புக் கார்கள் நிற்கும்போது நடுவே நீலக் கார் ஒன்று வந்தால் யார் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்?

சீட்டும் தவணையும்

நாலாவது, பணம் கட்டும் வழி. இது குடும்பம் நடத்துகிறவர்களுக்கு உடனே விளங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் கொடுக்கத் தனிக் கம்பெனி வைத்தது. கொஞ்சம் முன்பணம் கட்டினால் போதும். காரை இன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். பாக்கியை மாதாமாதம் கட்டவேண்டும்.

போர்டுக்குக் கடன் என்றாலே பிடிக்காது. சம்பாதித்துச் சேர்த்து வாங்கு என்பது அவர் கொள்கை. 1923-ல் அவரும் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வரவேண்டும். முழு விலையும் சேர்ந்த பிறகு கார் கிடைக்கும். அதாவது, சீட்டுக் கட்டுவது போல.

நியாயமாகப் பார்த்தால் போர்டு சொன்னது நல்ல புத்திமதிதான். ஆனால் ஒரு வருஷம் பணம் கட்டிவிட்டு நடந்து போகிறவன், பக்கத்து வீட்டுக்காரன் முன்பணம் கட்டி அன்றைக்கே கார் ஓட்டிப் போவதைப் பார்க்கிறான். எத்தனை பேர் பொறுமையாக இருப்பார்கள்? திட்டம் பலிக்கவில்லை.

ஐந்தாவது, பழைய கார். பழைய காரை எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பைப் புதுக் காரின் விலையில் கழிக்கும் வழக்கம் பரவியது. அதனால் ஏஜண்டுகளிடம் பழைய கார்கள் குவிந்தன. புது மாடல் டி விற்கும் விலைக்கு, கொஞ்சம் ஓடிய உயர்ந்த ரகக் கார் கிடைத்தது. மலிவுக்காக மட்டும் போர்டிடம் போனவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மலிவு விலை என்ற போர்டின் ஒரே ஆயுதமும் மழுங்கியது.

இவை எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஸ்லோன் தம் கார்களை ஏணிப்படி போல அமைத்தார். கீழ்ப்படியில் செவர்லே. நடுவே ஓக்லண்ட், ஓல்ட்ஸ்மொபைல், பியூக். உச்சியில் கேடிலாக். யார் பையில் எவ்வளவு பணம் இருக்கிறதோ, யாருக்கு என்ன தேவையோ, அதற்கு ஒரு கார் என்பது அவர் கொள்கை. இன்றைக்குச் செவர்லே வாங்குகிறவன், நாளைக்குச் சம்பளம் உயர்ந்தால் வேறு கம்பெனிக்குப் போகவேண்டாம். அடுத்த படிக்கு ஏறினால் போதும்.

செவர்லே காரின் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் நட்சன். இவர் டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்தவர். முன்பு போர்டிடம் வேலை செய்து, போர்டின் உற்பத்தி முறையையெல்லாம் அறிந்தவர். 1921-ல் போர்டை விட்டு விலகினார். போர்டு கம்பெனி இழந்த மனிதர் எதிர்க் கம்பெனிக்குப் பலமானார்.

மகனும் சகலையும்

இதெல்லாம் போர்டு வீட்டில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஹென்றி போர்டின் ஒரே மகன் எட்சல். அவர் 1919 முதல் கம்பெனியின் தலைவர். ஆனால் பெயருக்குத்தான் தலைவர். முடிவு செய்கிறவர் தந்தையே.

எட்சல் மென்மையான சுபாவம் உடையவர். அழகான பொருள்களில் ரசனை உள்ளவர். புதுக் கார் வேண்டும் என்று தந்தையிடம் பல தடவை சொல்லிப் பார்த்தார். தந்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்சலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர் அதே கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தார். 1926-ம் ஆண்டு ஜனவரியில் அவர் துணிந்து ஹென்றி போர்டுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். வாடிக்கைக்காரர்கள் நம்மை விட்டுப் போகிறார்கள், புதுக் கார் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்பது அதன் சாரம். பணிவாகத்தான் எழுதினார். பலன்? அந்த ஆண்டே அவர் கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

விற்பனை குறைந்தபோது போர்டு தமது பழைய மருந்தையே கொடுத்தார். விலையைக் குறைத்தார். முன்பெல்லாம் அது கைகண்ட மருந்து. இந்தத் தடவை பலிக்கவில்லை. 1926-ம் ஆண்டுக் கார்களுக்கு நிறங்களையும் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுக்கு முன் பாதிக்கு மேல் இருந்த அவருடைய பங்கு சுமார் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

கதவு மூடியது

1927-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி. ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையிலிருந்து 1 கோடியே 50 லட்சமாவது மாடல் டி கார் வெளியே வந்தது. தந்தையும் மகனும் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். எட்சல் ஓட்டினார். ஹென்றி பக்கத்தில் இருந்தார். உலகில் அதுவரை எந்தக் காரும் இவ்வளவு விற்றதில்லை. ஆனால் அது வெற்றி ஊர்வலமாக மட்டும் இல்லை. மாடல் டி நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு அதற்குச் சற்று முன்புதான் வந்திருந்தது.

நிறுத்திவிட்டார், ஆனால் அடுத்த கார் எங்கே? தயாராக ஒன்றும் இல்லை! மாடல் டி காருக்காகவே அமைந்த இயந்திரங்களை மாற்றவேண்டும். புதிதாக வரைந்து, புதிதாக வார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொழிற்சாலைகள் சுமார் ஆறு மாதம் கார் உற்பத்தி இல்லாமல் கிடந்தன. டெட்ராய்ட் வட்டாரத்தில் பல்லாயிரம் தொழிலாளிகள் வேலையிழந்தார்கள். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்த போர்டு ஏஜண்டுகள் விற்கக் கார் இல்லாமல் தவித்தார்கள்.

திருகு முடுக்கிய தொழிலாளி என்ன தவறு செய்தான்? அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான். மேலே இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க மறுத்ததற்கு, கீழே இருந்தவன் வீட்டில் உலை வைப்பது நின்றது.

அந்த 1927-ம் ஆண்டில்தான் செவர்லே விற்பனையில் போர்டை முந்தியது.

பாடம் படித்த பெரியவர்

ஹென்றி போர்டுக்கு அப்போது வயது 64. பிடிவாதக்காரர்தான், ஆனால் கையாலாகாதவர் அல்ல. இறங்கி வேலை செய்தார். இந்தத் தடவை மகனுக்கும் இடம் கொடுத்தார். எஞ்சினைத் தந்தை பார்த்துக்கொண்டார். காரின் உருவத்தை எட்சல் கவனித்தார்.

1927-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி 'மாடல் ஏ' வெளிவந்தது. அதைப் பார்க்க ஊருக்கு ஊர் கூட்டம் அலைமோதியது. காரில் பல நிறங்கள் இருந்தன. மூடிய கூண்டு இருந்தது. நாலு சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தது. உடைந்தாலும் சிதறி முகத்தில் குத்தாத கண்ணாடி முன்னால் இருந்தது. விலையும் எட்டும்படி இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்னொன்றும் நடந்தது. தவணைக் கடன் கூடாது என்ற போர்டு 1928-ல் அதற்கும் இணங்கினார். போர்டு கார் வாங்குவோருக்குக் கடன் கொடுக்க ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? கடிதம் எழுதி வேலையிழந்த எர்னஸ்ட் கான்ஸ்லர்தான்!

ஆனாலும் போன இடம் திரும்பவில்லை. 1929-லும் 1930-லும் போர்டு மறுபடி முன்னால் வந்தார். 1931-ல் செவர்லே மீண்டும் முந்தியது. அந்த ஆண்டு முதல் உலகின் மிகப் பெரிய கார்க் கம்பெனி என்ற பெயர் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்து சேர்ந்தது. 1930-களில் அந்தக் கம்பெனி, காரில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டு வீடு வீடாகக் கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்பியது.

ஜெயித்தவர் கதை

ஆகவே ஜெனரல் மோட்டார்ஸ் வழிதான் சரி என்று முடித்துவிடலாமா? முடியாது.

வாங்குகிறவரின் விருப்பத்தை அறிவது வேறு; விருப்பத்தைத் தூண்டிவிடுவது வேறு. ஆண்டுதோறும் புது உருவம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வழக்கத்தை வளர்த்தது. நன்றாக ஓடும் காரை வைத்திருப்பவனுக்கும் அது பழசாகிவிட்டதோ என்ற ஏக்கம் வந்தது. தவணை சுலபம் என்பதால் கடனும் ஏறியது. வாடிக்கைக்காரரைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே அவருடைய பையை மட்டும் பார்க்கும் அபாயம் இந்த வழியில் உண்டு.

பெரிய இடத்துக்கு வந்த பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் போர்டைப் போலவே பழசில் சாய்ந்து உட்கார்ந்தது. ஜப்பான் நாட்டுக் கம்பெனிகள் பெட்ரோல் குறைவாகச் செலவழிக்கும், அடிக்கடி பழுதாகாத சிறிய கார்களைக் கொண்டு வந்து அமெரிக்கக் குடும்பங்களைக் கவர்ந்தன. 2008-ல் டொயோட்டா கம்பெனி உலக விற்பனையில் முந்தியது. 2009-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்புக் கோரிக் கோர்ட்டுக்குப் போயிற்று. அதற்குக் காரணங்கள் பல. அரசாங்கம் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. போர்டு கம்பெனி அந்தத் தடவை திவாலாகாமல் தப்பியது!

1921-ல் மேலே இருந்தவர் 1927-ல் கீழே வந்தார். 1931-ல் மேலே ஏறியவர் 2009-ல் கீழே விழுந்தார். சரக்கைப் பற்றிய பெருமை ஒருவரைக் கெடுத்தது. பெரிய கம்பெனி என்ற நினைப்பு மற்றவரைக் கெடுத்தது. இரண்டு பேருமே ஒரு காலத்தில் வாங்குகிறவனைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

மறுபடி கடைத்தெரு

தீபாவளிக் கடைக்குத் திரும்புவோம். முதல் கடைக்காரரின் துணி கெட்டியானது. அதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது கடைக்காரர் இனிக்க இனிக்கக் கேள்வி கேட்டுவிட்டு, சாயம் போகும் துணியைக் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்த தீபாவளிக்கு அந்தத் தாய் அவர் கடைப் படியை மிதிக்கமாட்டாள். சரக்கும் நன்றாக இருக்கவேண்டும்; கேள்வியும் உண்மையாக இருக்கவேண்டும்.

அதோடு, அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டால் போதாது. ஹென்றி போர்டு 1908-ல் கேட்டார். சரியான பதிலும் கிடைத்தது. அந்தப் பதிலையே 19 ஆண்டு வைத்துக்கொண்டிருந்தார்.

பெண்ணுக்கு என்ன வயது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கவேண்டும். ஏனென்றால், ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கும்.